தார்ப்பாய் போட்ட அலமாரி

"அந்த நகராட்சி ஆபீசருக்குக் கண்ணு இருக்கா இல்லையா? எட்டு மாசமா ஒழுகுது. ஒரு தடவை ஏணி வச்சு ஏறிப் பாத்திருப்பானா? பிள்ளைங்க படிக்கிற புத்தகத்தை அழுக வச்சது அவன்தான். அவன் ஒருத்தன்தான்!"

சேர்மக்கனி போட்ட சத்தத்தில் ஜன்னல் கம்பியில் இருந்த காக்கை பறந்துவிட்டது.

எஸ்தர் டீச்சர் தலையைத் தூக்கவில்லை. நனைந்த புத்தகத்தில் ஒரு தாளைப் பிரித்தாள். இடையில் பழைய செய்தித்தாள் துண்டு ஒன்றை வைத்தாள். அடுத்த தாளைப் பிரித்தாள்.

கூரையிலிருந்து வாளிக்குள் சொட்டு விழுந்தது.

அது கிளை நூலகத்தின் பின்கூடம். புதன்கிழமை தோறும் மூன்று மணிக்கு அங்கே புத்தகம் தைக்கிற வகுப்பு. பிய்ந்து வரும் நூலகப் புத்தகங்களைத் தைத்து, பசை தடவி, அட்டை கட்டித் திரும்ப அலமாரிக்கு அனுப்புவார்கள். கற்றுக்கொடுக்கிற எஸ்தருக்கு முப்பத்தொரு வயது. கற்றுக்கொள்கிற சேர்மக்கனிக்கு ஐம்பத்தேழு. பழைய இரும்புக் கடைக்காரர்.

முதலில் அவர் கற்றுக்கொள்ள வரவில்லை. கழித்துக் கட்டிய புத்தகங்களை எடைக்கு எடுக்க வந்தார். நூலகர் சொன்ன விலையில் பாதியைக் கேட்டுக்கொண்டு கூசாமல் நின்றபோது, பக்கத்தில் டீச்சர் ஒரு பிய்ந்த புத்தகத்தை ஊசியால் தைத்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பேரம் பாதியில் விட்டுப்போனது. அடுத்த புதன்கிழமை கைகால் கழுவிக்கொண்டு வந்து பாயில் உட்கார்ந்தார்.

நாற்பது வருஷமாக உடைத்த கை அது. கப்பல் தகடு, பம்பு செட்டு, பஸ் சேசிஸ் என்று எது வந்தாலும் உடைத்துப் பிரித்து எடைக்குப் போட்ட கை. அது முதல் தடவையாக இரண்டைச் சேர்த்து ஒன்றாக்கியது. தான் தைத்த முதல் புத்தகத்தை அலமாரியில் வைத்துவிட்டு, அதை எந்தப் பிள்ளையாவது எடுக்கிறதா என்று தூண் மறைவில் ஒரு மணி நேரம் நின்றார். ஒரு பெண்பிள்ளை எடுத்தது. இதை அவர் வீட்டில்கூடச் சொன்னதில்லை.

அந்த வகுப்புக்குத்தான் இன்றோடு முடிவு. நூலகர் காலையிலேயே சொல்லிவிட்டார். கூரை சரியாகிறவரை பின்கூடத்தைப் பூட்டப்போகிறார்கள். நனைந்த சிறுவர் அலமாரியின் நாற்பத்து மூன்று புத்தகங்களும் குப்பைக்குப் போகும்.

நாற்பத்து மூன்றும் இவர்கள் கையால் தைத்தவை.

"கூரை ஒழுகினது மேல அண்ணாச்சி," என்றாள் லூர்தம்மாள். வகுப்பின் இன்னொரு மாணவி. ஓய்வுபெற்ற நர்ஸ். புண் துடைக்கிற மாதிரி பஞ்சை வைத்து ஒரு அட்டையின் பூஞ்சையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "பூஞ்சை பூத்தது உங்க தார்ப்பாய்க்குக் கீழ. அதையும் அந்த மனுசன் கணக்குல எழுதாதீய."

சேர்மக்கனிக்குச் சுருக்கென்றது.

போன புதன்கிழமை நல்ல மழை. டீச்சர் கிளம்பிய பிறகு அவர் கடையிலிருந்து லாரித் தார்ப்பாயைக் கொண்டுவந்தார். நனைந்த அலமாரியை உச்சி முதல் அடிவரை சுற்றி, கயிறு போட்டு இறுக்கிக் கட்டினார். கடையில் சரக்கை அப்படித்தான் மூடுவார். இனி ஒரு சொட்டு இறங்கட்டும் பார்ப்போம் என்று நிம்மதியாக வீட்டுக்குப் போனார்.

ஒரு சொட்டும் இறங்கவில்லை. உள்ளே இருந்த ஈரம் வெளியேறவும் இல்லை. தாள்கள் ஏழு நாள் வேர்த்து, புழுங்கி, பச்சையும் கறுப்புமாகப் பூத்துவிட்டன. இன்று கயிற்றை அவிழ்த்தபோது அடித்த வாடையில் லூர்தம்மாளே மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"நல்லதுக்குத்தானே கட்டினேன்? அவன் கூரையை அடைச்சிருந்தா நான் எதுக்குத் தார்ப்பாயைச் சுமக்கேன்?"

"முப்பது வருசம் வார்டுல பாத்திருக்கேன். கழுவாத புண்ணுக்குக் கட்டுப் போட்டவன் எல்லாரும் நல்லதுக்குத்தான் போட்டான்."

"நீங்க சும்மா இரிங்கம்மா. ஏற்கெனவே வயிறு எரியுது."

டீச்சர் ஒரு தாளைப் பிரித்தாள்.

அவளுக்குக் காலையில் அச்சகத்தில் வேலை. மத்தியானச் சாப்பாட்டை பஸ்ஸிலேயே முடித்துக்கொண்டு வருகிறவள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. ஆனாலும் ஒவ்வொரு தாளுக்கும் அதே விரல், அதே நிதானம்.

அந்த நிதானம்தான் சேர்மக்கனிக்குத் தாங்கவில்லை.

"டீச்சர், நாளைக்குப் பூட்டப்போற ரூம்ல இருந்துக்கிட்டு இன்னைக்கு எதுக்குத் தாளைப் பிரிக்கீய?"

"காஞ்சு ஒட்டிக்கிட்டா அப்புறம் பிரியாது அண்ணாச்சி."

"அப்புறம்னு ஒண்ணு இருக்கா இதுக்கு?"

அவள் அடுத்த தாளைப் பிரித்தாள். செய்தித்தாள் துண்டு வைத்தாள்.

"இம்புட்டுச் சாந்தம் ஆகாது டீச்சர். நீங்க அவன்கிட்ட நறுக்குன்னு நாலு வார்த்தை கேட்டிருக்கணும். கேக்காம விட்டதாலதான் அவன் கால் மேல கால் போட்டு உக்காந்திருக்கான்."

எஸ்தர் கையைத் துடைத்துக்கொண்டாள். மேசை டிராயரைத் திறந்து, தையல் நூலால் கட்டிய ஒரு காகிதக் கட்டை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

எல்லாம் மனு நகல்கள். பின்கூடத்துக் கூரை பற்றி. ஒவ்வொன்றின் ஓரத்திலும் பெற்றுக்கொண்டதற்கான வட்ட முத்திரை. கீழே ஒரே ஒரு கையெழுத்து, அவளுடையது.

லூர்தம்மாள் எட்டி எண்ணினாள். "பதினொண்ணு."

சேர்மக்கனி ஒவ்வொன்றாகப் புரட்டினார். நாலாங்கிளாஸ் படிப்பு. எழுத்துக் கூட்டி வாசிக்க நேரமானது.

"என்ன சொன்னான் அவன்?"

"‘உங்க ஒருத்திக்கு மட்டுந்தான் ஒழுகுதா? வேற யாரும் வந்து சொல்லலையே’ன்னார்."

"அதுக்கு நீங்க?"

"அடுத்த மனு எழுதினேன்."

சொல்லிவிட்டு மறுபடியும் புத்தகத்தின் முன் உட்கார்ந்தாள். ஒரு தாளில் விரலை வைத்தவள், பிரிக்காமல் நிமிர்ந்தாள்.

"அண்ணாச்சி, ஒரு சந்தேகம். பழைய மோட்டார் ஒண்ணு எடுக்கப் போறீய. யார்கிட்ட விலை பேசுவீய?"

"இது என்ன கேள்வி? விக்கிறவன்கிட்டதான்."

"பக்கத்துல ஒருத்தர் டீ குடிச்சுக்கிட்டு நிக்காரு. அவர்கிட்ட?"

"அவன்கிட்ட என்ன பேச்சு? தொண்டைத் தண்ணி வத்தினதுதான் மிச்சம்."

டீச்சர் தாளைப் பிரித்தாள்.

வாளியில் ஒரு சொட்டு விழுந்தது. இன்னொன்று.

"எட்டு மாசமா," என்றாள் லூர்தம்மாள், "நாங்கதான் உங்க பேச்சைக் கேட்டு டீ குடிச்சுக்கிட்டு நிக்கோம்."

சேர்மக்கனி அந்தக் காகிதக் கட்டை மறுபடியும் நூலால் கட்டினார்.

அதை டீச்சரிடம் நீட்டிக்கொண்டே பேசினார். குரலில் இருந்த காரமெல்லாம் இறங்கியிருந்தது.

"எனக்கு ஆபீசுன்னா கால் வராது டீச்சர். இருபது வயசுல கடை லைசன்சுக்குப் போனேன். மூணு நாள் வெயில்ல நிக்க வச்சானுவ. மூணாம் நாள் ஒருத்தன் என் மனுவை வாங்கி, எல்லாருக்கும் கேக்க வாசிச்சுக் காட்டினான். என் எழுத்துப் பிழையைச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சானுவ. அன்னையோட சரி. வீட்டு வரி கட்டக்கூட ஆள்தான் போவான்."



டீச்சர் இருந்ததிலேயே மோசமான புத்தகத்தைப் பார்த்து எடுத்தாள். யானைப் படம் போட்ட அட்டை. உள்ளே தாளெல்லாம் ஒரே கட்டியாகிவிட்டது. அதை ஒரு செய்தித்தாளில் சுற்றி அவரிடம் நீட்டினாள்.

"அங்க போயி நான் என்னத்தைச் சொல்ல?"

"இங்க சொன்னதை."

நகராட்சி அலுவலகம் இரண்டு தெரு தள்ளி இருந்தது. மணி நாலே கால். வாசலில் இரண்டு தடவை திரும்பிப்போய், மூன்றாம் தடவை உள்ளே நுழைந்தார். தடுத்த பியூனைக் கடந்து உள்ளறைக் கதவைத் தள்ளினார்.

மேசைக்குப் பின்னால் ஒரு மனிதர் கோப்பில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். அரக்கனும் இல்லை, கால் மேல் கால் போட்டும் இல்லை. அவரும் தூங்கி நாளான முகமாகத்தான் தெரிந்தார்.

"மனுன்னா வெளிய குடுங்க."

"பதினொண்ணு குடுத்தாச்சுங்க. நூலகத்துப் பின்கூடம்."

"ஓ, அந்த டீச்சரம்மாவா? நீங்க யாரு?"

கடைக்காரர் என்று சொல்லியிருக்கலாம். வியாபாரிகள் சங்கத்துப் பொருளாளர் என்றும் சொல்லியிருக்கலாம். இரண்டும் உண்மைதான்.

"அங்க புத்தகம் தைக்கப் படிக்கிறவன்."

அதிகாரி நிமிர்ந்து அவருடைய நரையைப் பார்த்தார். "சரி. அடுத்த நிதி வரட்டும். ஏப்ரலுக்கு மேல பாக்கலாம்."

சேர்மக்கனி செய்தித்தாளைப் பிரித்து, யானைப் புத்தகத்தை அந்தக் கோப்பின் மேலேயே வைத்தார். கையெழுத்தின் மேல் ஈரம் பரவியது.

"என்ன மனுசன் நீங்க? எடுங்க இதை!"

"பிரிச்சுப் பாருங்க ஐயா. ஒரே ஒரு தாள்."

வாடை அறை முழுக்கப் பரவிவிட்டது. அதிகாரி என்ன நினைத்தாரோ, நகத்தால் ஒரு ஓரத்தைக் கிளப்பினார். யானையின் பாதி முகம் அவர் விரலோடு வந்தது.

விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சேர்மக்கனிக்குக் குரல் மெலிந்துதான் வந்தது. ஆனாலும் பேச்சை நிறுத்தவில்லை.

"தார்ப்பாயைப் போட்டு மூடி இதைப் பூக்க வச்சது நான். அது என் தப்பு. உங்களை ஊரெல்லாம் ஏசிட்டு உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லாம இருந்தேன் பாருங்க, அதுவும் என் தப்பு. ரெண்டையும் நான் ஏத்துக்கிடுதேன். அந்த நாப்பத்து மூணையும் உக்காந்து தாள் தாளாப் பிரிச்சு, திரும்பத் தைக்க வேண்டியது எங்க பாடு. கூரை மட்டும் எங்க கைக்கு எட்டாது ஐயா. அது உங்க கையிலதான் இருக்கு, வேற எவன்கிட்டயும் இல்ல. ஏப்ரல் வேண்டாம். எந்திரிங்க. ஏணி போட ஆளைக் கூப்பிட்டுக்கிட்டு, இப்பவே என்கூட வந்து அதை அடைச்சுக் குடுங்க."