மூச்சைக் கவனித்த பல்லக்குத் தூக்கி

வாயில் மிச்சமிருக்கும் மூன்று பல் மேல் ஆணை, இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை! ஜமீன் பல்லக்குத் தூக்கி இருளாண்டிக்குப் பாலம் ஏறினால் பயத்தில் நெஞ்சு படபடக்கும். வைத்தியர் தந்த கஷாயத்தைக் குடித்துத்தான் சமாளித்து வந்தான். ஜமீன்தாருக்குத் தியானம் சொல்ல வந்த மௌனகிரி சாமியார் அவனுடைய கஷாயக் குடுக்கையைப் பிடுங்கித் தன் பையில் போட்டுக்கொண்டார்.

"மூச்சைக் கவனிடா, பயம் ஓடிப்போகும். இனி மருந்தைத் தொட்டால் உனக்கு இங்கே வேலை கிடையாது."

"சரிங்க சாமி. பயம் வந்தா என்ன செய்யணும்?"

"எங்கே இருந்தாலும் அங்கேயே உட்காரு. கையை மடியில் வை. கண்ணை மூடு."

மறுநாள் மற்ற தூக்கிகளோடு சாமியாரைப் பல்லக்கில் சுமந்துகொண்டு மரப்பாலத்தின் நடுவுக்கு வந்ததும் இருளாண்டி நின்றான்.

"சாமி, பயம் வந்திருச்சு. உட்காரப் போறேன்."

அவன் தோள் இறங்க, பல்லக்கு ஆற்றுப் பக்கம் சரிந்தது.

"அடப்பாவி, விட்டுடாதேடா!"

"நீங்களும் மூச்சைக் கவனிங்க சாமி, பயம் ஓடிப்போகும்."

"இந்தாடா கஷாயம், குடிச்சுத் தொலை!" என்று சாமியாரே குடுக்கையை நீட்டினார்.

இருளாண்டி நிதானமாகக் குடித்தான். "மூச்சைக் கவனிச்சாலும் கொஞ்சம் அடங்கத்தான் செய்யுது சாமி. ரெண்டும் இருந்துட்டுப் போகட்டுமே."

"இருக்கட்டும், இருக்கட்டும், நடடா!"

அவருடைய சீடர்கள் இன்னும் ஊரில் இருக்கிறார்கள். சொன்னது நான்தான் என்று யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.