ராஜா தொடாத வெற்றிலைத் தட்டு

எந்தக் காலம் என்று என்னைக் கேட்காதீர்கள், ரொம்பக் காலத்துக்கு முன்னால் கடலோர நாடு ஒன்றைச் சந்திரகேது என்கிற ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் எதையும் முடிவு செய்யமாட்டார். காலையில் எந்தத் தலைப்பாகை என்று தீர்மானிப்பதற்குள் சபை கூடி, கொட்டாவி விட்டு, பாதி கலைந்துவிடும்.

அந்த நாட்டில் ஒரு வழக்கம். புதுத் தொழில் தொடங்குகிறவர், முதல் போடுவார் என்று நம்புகிற ஆளிடம் போய் வெற்றிலைத் தட்டை வைப்பார். அவர் ஒரு வெற்றிலையை எடுத்தால் பங்கு சேர்ந்தார் என்று அர்த்தம். தட்டைத் தள்ளிவிட்டால் வேண்டாம் என்று அர்த்தம். இரண்டில் ஒன்று நடக்கும்வரை அந்தத் தட்டை இன்னொருவர் முன்னால் வைக்கக்கூடாது. வைத்தால் மரியாதைக் குறைச்சல்.

உப்பளத்துக்காரி செம்பவளம் ராஜாவின் முன்னால் தட்டை வைத்தாள். "மகாராஜா, உப்பை மாட்டுவண்டியில் ஏற்றினால் மழையில் பாதி கரைந்து போகுது. ஆற்றில் தண்ணி ஓடுற மாசங்களில் கூரை போட்ட தட்டையான தோணியில் கொண்டுபோனால் ஒரு கல் உப்புகூட வீணாகாது. தோணிகள் கட்ட முதல் வேணும். லாபத்தில் உங்களுக்குப் பாதி."

"அடடே, பிரமாதம்!" என்றார் ராஜா. கை தட்டுப்பக்கம் போனது. போன கை பாதியில் நின்றது. பக்கத்தில் பொக்கிஷதார் வைரவநாதர் தொண்டையைச் செருமினார்.

இந்த வைரவநாதருக்கு மந்திரி அம்பலவாணரைக் கண்டாலே ஆகாது. செம்பவளத்தைச் சபைக்கு அழைத்துவந்தது மந்திரி. தோணி ஓடினால் பெயர் மந்திரிக்குப் போய்விடுமே! அதற்காக வேண்டாம் என்று சொல்லவும் பயம், நாளைக்கு லாபம் வந்தால் யார் பதில் சொல்வது? அதனால் கேள்வி கேட்டார். "தோணிக்குப் பாசி பிடிக்காதா?" பதில் சொன்னாள். மறுநாள், "எதிர்க்காற்று அடித்தால்?" அதற்கும் சொன்னாள். அடுத்த நாள், "முதலை?"

"அந்த ஆற்றில் முதலையே கிடையாதுங்க ஐயா."

"இனிமேல் வந்தால்?"

ராஜா ஒவ்வொரு நாளும், "நல்ல யோசனைதான், நாளைக்கு வா" என்று அனுப்பினார். அவள் தினமும் வெற்றிலையை மாற்றி வைத்துவிட்டுப் போனாள். வானம் கறுக்க ஆரம்பித்தது. மழைக்கு முன்னால் தோணி கட்டி முடிக்காவிட்டால் அந்த வருஷமே போச்சு. தோணி மரத்துக்கு முன்பணம் கொடுக்கக் கழுத்துச் சங்கிலியை விற்றிருந்தாள், அதுவும் போச்சு.

ஒருநாள் மந்திரியிடம் வந்து பொரிந்து தள்ளினாள். "இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் துறைமுகத்து வியாபாரிங்ககிட்டயாவது போயிருப்பேனே ஐயா! வயிறு எரியுது."

"இதையே ராஜாவிடம் கேள். மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார் மந்திரி.

மறுநாள் சபையில் கைகூப்பி நின்றாள். "மகாராஜா, ஒரே ஒரு விண்ணப்பம். இல்லை என்று சொல்லிவிடுங்கள்."

ராஜா திகைத்துப் போனார். "எல்லாரும் என்னிடம் கொடு என்றுதான் கேட்பார்கள். நீ இல்லை என்று சொல்லச் சொல்கிறாயே!"

"என்ன திமிர் பாருங்கள் பிரபு!" என்று வைரவநாதர் குதித்தார்.

மந்திரி எழுந்தார். "மகாராஜா, சின்ன வேலை. தட்டைத் தள்ளிவிட்டால் போதும். ஆனால் அதற்குத் தங்கள் கை எதற்கு? இந்தத் தொழிலின் குறையெல்லாம் தெரிந்தவர் பொக்கிஷதார். அவரே தள்ளட்டும். பிற்பாடு தோணியில் லாபம் வந்தால், தங்களுக்குக் கிடைத்திருக்கும் பங்கை அவர் ஈடு செய்யட்டும். நஷ்டம் வந்தால், காப்பாற்றியதற்காக அவருக்கு ஒரு கிராமத்தைக் கொடுங்கள்."

"நியாயம்தான். தள்ளும் ஐயா" என்றார் ராஜா.

வைரவநாதருக்கு வியர்த்துவிட்டது. "பிரபு, நான் வேண்டாம் என்று சொல்லவில்லையே!"

"அப்படியானால் என் சார்பில் ஒரு வெற்றிலையை எடும்."

"நஷ்டம் வந்தால் அதையும் அவரே ஈடு செய்யட்டும்" என்றார் மந்திரி.

"ஐயையோ! வேண்டும் என்றும் நான் சொல்லவில்லையே!"

"பின்னே இத்தனை நாளாக என்னதான் சொன்னீர்?"

"ஆலோசனை சொன்னேன் பிரபு."

சபை கொல்லென்று சிரித்தது. ராஜாவும் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்துக்கொண்டே மந்திரியைப் பார்த்தார். மந்திரி மட்டும் சிரிக்கவில்லை. ராஜாவின் சிரிப்பு மெல்ல அடங்கியது. இத்தனை நாளும் தானும் வேறென்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்துவிட்டது. வெட்கமாகப் போயிற்று.

யாரையும் கேட்காமல் ஒரு வெற்றிலையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். "சேர்ந்தேன் அம்மா. பாதிப் பங்கு."

"கால் பங்குதான் மகாராஜா."

"பாதி என்றாயே!"

"அது தட்டு வைத்த அன்றைக்கு. நீங்கள் யோசித்துக்கொண்டிருந்தபோது மரக்கடைக்காரர் மரத்தை வேறு ஆளுக்குத் தள்ளப் பார்த்தார். தோணி கட்டுகிற தச்சர்கள் தங்கள் கூலிப்பணத்தைக் கொண்டுவந்து கொட்டி மரத்தை நிறுத்தினார்கள். நான் கேட்கவே இல்லை மகாராஜா, அவர்களாகவே வந்தார்கள். அந்தக் கால் பங்கு அவர்களுடையது."

ராஜா வாயிலிருந்த வெற்றிலையை மென்று விழுங்கினார். "சரிதான். முந்திக்கொண்டவர்களுக்குப் போகட்டும்" என்று சொல்லி, அப்போதே முதல்பணத்தைக் கொடுக்கச் சொன்னார். வைரவநாதர் தன் கையாலேயே பொக்கிஷத்தைத் திறக்க வேண்டியதாயிற்று.

திறக்கும்போது அவருக்கு ஆசை வந்துவிட்டது. ராஜாவே போடுகிறாரே! அவள் பக்கம் குனிந்து, "அம்மா, எனக்கும் சின்னதாக ஒரு பங்கு கொடேன்" என்றார்.

"இல்லைங்க ஐயா."

"என்னம்மா பட்டென்று சொல்லிவிட்டாய்! கொஞ்சம் யோசித்துச் சொல்லக்கூடாதா?"

"யோசித்தால் நாளைக்கும் நீங்கள் வந்து நிற்கணும். பாவம், வயசானவர்" என்று சொல்லி, பணமூட்டையைத் தூக்கிக்கொண்டு ஆற்றங்கரைக்கு நடந்தாள் செம்பவளம்.