சடைச்சி வகுப்பின் முதல் விதி

முன்னொரு காலத்தில் நெடுங்கரை நாட்டைக் கோடைமாறன் என்ற ராஜா ஆண்டு வந்தான். காலையில் ஓர் உத்தரவு போடுவான், மத்தியானம் அதை ரத்து செய்வான், சாயங்காலம் "யாரய்யா ரத்து செய்தது?" என்று விசாரணை வைப்பான். மற்றபடி நல்லவன்.

ஒரு திருவிழாவில் சைவர் ஊர்வலமும் வைணவர் ஊர்வலமும் சந்தை வாசலில் முட்டிக்கொண்டன. யார் முதலில் போவது என்று ஒரே அடிதடி. காவலர்கள் கைவிட்ட இடத்தில் மிளகுத் தரகி சடைச்சி புகுந்தாள். இரண்டு தலைவர்களையும் மேல்துண்டைப் பிடித்து இழுத்து நிறுத்தினாள்.

"உன் நியாயம் அப்புறம். முதல்ல எதிராளியோட நியாயத்தை அவனே தலையாட்டுற மாதிரி சொல்லு. அதுவரைக்கும் ஒருத்தனும் நகரக் கூடாது!"

சொல்லிச் சொல்லி வியர்த்துப்போன இருவரும் கடைசியில் "நீங்க போங்க, நீங்க போங்க" என்று வழிவிட்டார்கள். விஷயம் ராஜா காதுக்குப் போனது. "பெரிய பள்ளியில் பதின்மூன்று பதினாலு வயசுப் பிள்ளைகளுக்கு இவளே சமயமும் அறமும் சொல்லித் தரட்டும்!" என்று உத்தரவு பிறந்தது. அதிசயமாக, மத்தியானம் அது ரத்தாகவில்லை.

அந்த வேலைக்காகப் பத்து வருஷம் காத்திருந்தவர் வாகீசப் பண்டிதர். வயிறு எரிந்தது. ராஜாவிடம் போனார்.

"அரசே, அந்த வகுப்பில் எல்லாச் சமயத்துப் பிள்ளைகளும் கலந்து உட்கார்ந்து அரட்டை அடிக்கிறார்கள். ஒரு செய்யுள் தெரியாது. எந்தச் சமயம் உயர்ந்தது என்று கேட்டுப் பாருங்கள், முழிப்பார்கள்."

"அப்படியா? நாளைக்கே சபைக்கு வரட்டும். பதில் வராவிட்டால் வகுப்பை மூடிவிடு. பிள்ளைகளை அவரவர் சமயத்துப் பள்ளிக்குப் பிரித்து அனுப்பிவிடு!"

"எல்லாம் ஒன்றுதான் என்று மழுப்பவும் கூடாது, அரசே."

"கூடாது!"

ஓலை வந்ததும் சடைச்சிக்குக் கோபம் தலைக்கேறியது. எழுத்தாணியைத் தரையில் குத்தினாள். எந்தப் பெயரைச் சொன்னாலும் மற்ற சமயத்தார் பாய்வார்கள். சொல்லாவிட்டால் கதவு மூடும். விற்பவன் எப்படியும் நஷ்டப்படுகிற மாதிரி பேசப்பட்ட பேரம் இது. அப்படிப்பட்ட பேரத்தில் விலை சொல்லவே கூடாது, வாங்க வந்தவனையே சரக்கைப் பிரித்துப் பார்க்கச் சொல்ல வேண்டும். முப்பது வருஷச் சந்தை அவளுக்குக் கற்றுத் தந்தது அது.

மறுநாள் சபை நிறைந்திருந்தது. ராஜாவுக்குப் பக்கத்தில் ராணி விசயவதி. அவள் சமணக் குடும்பத்துப் பெண். சடைச்சியின் பிள்ளைகள் இருபத்திரண்டு பேர் வரிசையாக நின்றார்கள்.

பண்டிதர் தொண்டையைச் செருமினார். "பிள்ளைகளே, சமயங்களில் உயர்ந்தது எது?"

குயவர் தெருச் சைவப் பெண் நல்லமங்கை முன்னே வந்தாள். "ஐயா, எங்க வகுப்புல ஒரு விதி உண்டு. ஒரு சமயத்தை எடைபோடணும்னா, முதல்ல அதை அந்தச் சமயத்துக்காரங்களே 'ஆமா, அப்படித்தான்'னு ஒத்துக்கிற மாதிரி சொல்லிக் காட்டணும்."

"விதியா? எனக்கா?" பண்டிதர் சிரித்தார்.

சடைச்சிக்குப் பொறுக்கவில்லை. "ஏன் பண்டிதரே, தொட்டுப் பார்க்காத மிளகுக்கா விலை கேக்குறீங்க? உங்களுக்கு எல்லாம் தெரியுமே. ராணியம்மா விளக்கு வச்ச பிறகு சாப்பிடுறதில்லை. ஏன்? சொல்லுங்க, அம்மாவே இருக்காங்க."

"இது ஒரு கேள்வியா! இரவில் உண்டால் நரகம் என்ற பயம்," என்றார் பண்டிதர்.

ராணி இல்லை என்று தலையசைத்தாள்.

ராஜா தொடையில் தட்டினான். "நான் சொல்கிறேன்! பன்னிரண்டு வருஷமாகப் பார்க்கிறேன். ஆயிரம் விளக்கேற்றி நான் விருந்து வைப்பேன், இவள் ஒரு பருக்கை தொடமாட்டாள். பிறந்த வீட்டுப் பெருமை! நம் வீட்டுச் சோறு இறங்கவில்லை!"

ராணி அவனை நிமிர்ந்து பார்த்தாள். மறுபடியும் தலையசைத்தாள், இந்த முறை மெதுவாக.

சடைச்சி நல்லமங்கையின் பக்கம் திரும்பினாள்.

"நீ சொல்லு," என்றாள் சடைச்சி.

நல்லமங்கை ராணியைப் பார்த்துப் பேசினாள். "விளக்கு வச்சா பூச்சி வரும். சின்னச் சின்ன உயிர் இலையில விழும், இருட்டுல கண்ணுக்குத் தெரியாது. நம்ம ஒரு வாய்ச் சோத்துக்காக அதுங்க சாகக் கூடாதுன்னு, பசிச்சாலும் நீங்க பொறுத்துக்கிறீங்க. விருந்து வேண்டாம்னு இல்ல. விருந்து வெளிச்சத்துல இருந்தா சாப்பிட்டிருப்பீங்க."

ராணி தலையாட்டினாள். "ஆமாம் குழந்தை. அப்படித்தான்."

ராஜா திரும்பினான். "என்னிடம் ஏன் சொல்லவில்லை?"

"நீங்கள் கேட்டதே இல்லை."

ராஜா மகுடத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். பிறகு கேட்டான்: "சரி பெண்ணே, நீ ஜெயித்துவிட்டாய். இப்போது சொல், எது உயர்ந்தது?"

"இன்னும் சமணமே முடியல ராஜா. அதுக்கப்புறம் பௌத்தம், வைணவம், குதிரை வியாபாரிங்களோட இசுலாம் எல்லாம் பாக்கி இருக்கு. பள்ளிக்கூடத்தை மூடிட்டா எப்படிப் படிக்கிறது?"

ராஜா வாய்விட்டுச் சிரித்தான். "மூடவில்லை! பண்டிதர் ஒரு வருஷம் இந்த வகுப்பில் உட்கார்ந்து படிக்கட்டும்!"

"ஒரு வருஷமா? தாங்காது ராஜா," என்றாள் சடைச்சி. "ஆறு மாசம். அதுவும் கடைசி வரிசை. முன்னாடி உக்கார்ந்தா பிள்ளைங்களுக்கு மறைக்கும்."

"சரி. உனக்கு என்ன வேண்டும்?"

"எனக்கு ஒண்ணும் வேண்டாம். மத்தியானம் இந்த உத்தரவை ரத்து பண்ணாம இருங்க, போதும்."

ரத்தாகவில்லை. அன்று வெயில் மதிலில் நிற்கும்போதே அரண்மனையில் இரவுச் சாப்பாட்டு மணி அடித்தது. பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவையாக ராஜாவும் ராணியும் எதிரெதிரே இலை போட்டு உட்கார்ந்தார்கள். ராணி சாப்பிட்டாள். ராஜாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, தனக்குப் பிடித்த சேனைக்கிழங்கு வறுவலை அவள் இலையில் அள்ளி வைத்தான். அவள் அதைத் தொடாமல் ஓரமாக ஒதுக்கினாள்.

ராஜாவின் மீசை துடித்தது. வாயைத் திறந்தான். மூடினான். மறுபடி திறந்தான்.

"இதை ஏன் சாப்பிடமாட்டாய்?" என்று கேட்டான்.

வெளிச்சம் இன்னும் மிச்சம் இருந்தது. கிழங்கைத் தோண்டும்போது மண்ணுக்குள் சாகிற சின்ன உயிர்களைப் பற்றி ராணி சொல்ல ஆரம்பித்தாள்.