அறுபது பட்டைப் பிரிக்க வச்ச கோமளவல்லி

ஒரு ஊர்ல ஒரு கோமளவல்லி இருந்தா. ஊர் சின்னமனூரு. அவ லீவுக்குப் புருஷனோட மெட்ராஸைச் சுத்திப் பாக்கப் போனா. ம் கொட்டுடா, நான் என்ன சுவத்துக்கா கதை சொல்றேன்? ம்... அப்படி.

காலையில நெய் ரோஸ்ட் மொறுமொறுன்னு உள்ள போச்சு. அப்புறம் வளையல், கிளிப்பு, பிளாஸ்டிக் டப்பான்னு கை கொள்ளாம வாங்கியாச்சு. புருஷன் மோட்டாருக்குச் சாமான் வாங்கப் போய்ட்டார். ரெண்டு மணிக்கு ஓட்டல்ல சேந்து சாப்பிடறதா பேச்சு. மணியோ பன்னண்டு, வெயில் சுள்ளுனு அடிக்குது. அப்போ எதிர்ல ஒரு பெரிய ஜவுளிக்கடை. கதவைத் திறந்தா ஏசி ஜிலுஜிலுன்னு வருது. நுழைஞ்சுட்டா மகராசி.

பட்டு செக்‌ஷன்ல முத்துப்பேச்சின்னு ஒரு பொண்ணு, தென்காசிப் பக்கம். என்ன விசேஷத்துக்குக்கான்னு கேட்டுது. இவளுக்கு ஏது விசேஷம்? தம்பி கல்யாணம்னு வாய் கூசாம சொன்னா. ஊர்க் கடையில இந்த ஜம்பமெல்லாம் நடக்காது, அங்க இவளை எல்லாருக்கும் தெரியும். இங்க யாரு கண்டா? ஜூஸ் வந்துது. உறிஞ்சிக்கிட்டே அதை எடு, இதைப் பிரின்னா. பொண்ணு சரக் சரக்குனு பிரிச்சுது.

அப்போ டிங்குனு ஒரு மணி அடிச்சுது. பொண்ணு நிமிர்ந்து பாத்துது. இவ மாம்பழக் கலர் எடுன்னா. அப்புறம் ரெண்டாவது டிங். பொண்ணு கால் மாத்தி நின்னுது. இவ மேல் தட்டுல இருக்கறதையும் எடுன்னா. அப்புறம் மூணாவது டிங். பொண்ணு திரும்பக்கூட இல்லை. அறுபது புடவை மலையாக் குவிஞ்சு கிடக்கு. இவ எழுந்து, யோசிச்சுட்டு வரேன்னு கிளம்பிட்டா. ம் எங்கடா? ம்.

மாடிப்படியில ரெண்டு கடைப் பொண்ணுங்க கையைத் துடைச்சுக்கிட்டு வந்தாங்க. பேச்சிக்கு இன்னைக்குச் சோறு போச்சு, மூணு பந்தியும் முடிஞ்சு பாத்திரம் கழுவியாச்சுன்னு ஒருத்தி சொன்னா.

அப்போதான் கோமளவல்லிக்கு விளங்குச்சு. ஒவ்வொரு டிங்குக்கும் கடை ஆளுங்களுக்கு ஒரு பந்திச் சாப்பாடு. எதிர்ல ஆள் உக்காந்திருந்தா அந்தப் பொண்ணு நகரக் கூடாது. ச்சீ, நானும் ஒரு மனுஷியான்னு கூனிக் குறுகிப் போய்ட்டா. தடதடன்னு திரும்ப மேல ஏறினா.

இவளைப் பாத்ததும் பொண்ணு முகமெல்லாம் சிரிப்பு. "வருவீங்கன்னு தெரியும்க்கா. உங்களுக்குப் பிடிச்ச நாலைத் தனியா எடுத்து வச்சுட்டேன்"னுது.

இவ பொய்யை ஒத்துக்கிட்டா. "எனக்குத் தம்பியே கிடையாதும்மா. வெயிலுக்கு ஒதுங்கத்தான் வந்தேன்"னா.

பொண்ணு அந்த நாலையும் எடுத்துக் குவியல்ல போட்டுது. மன்னிச்சுக்கம்மா, சாப்பிட ஏதாவது வாங்கியாரட்டுமான்னு இவ கேட்டா. வேலை நேரத்துல சாப்பிடக் கூடாதாம். சரி, கூட மாட மடிக்கறேன்னு கையை நீட்டினா.

"வேணாம்க்கா. மடிப்பு மாறினா என்னைத்தான் திட்டுவாங்க. நீங்க போய்ச் சாப்பிடுங்க."

போனா. ஓட்டல்ல இலை போட்டு, கூட்டு, பொரியல், அப்பளம் எல்லாம் வச்சாங்க. சோறு ஆவி பறக்குது. புருஷன் ஏன் கை வைக்கலன்னு கேட்டார். பசிக்கலைன்னா. வயிறு கபகபன்னுதான் இருந்துது. ஆனா அந்தச் சோத்துல கை வைக்க வெக்கமா இருந்துது அவளுக்கு.

கதை அவ்வளவுதான்டா. காலை நீட்டிப் படு, கண்ணை மூடு.