தொடாத முட்டை

வடிவு பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு ஜெபமணியின் கருவளர்ச்சி ஆய்வகத்தில் சேர்ந்தது ஒரே ஒரு கேள்விக்காக. குருவைவிடச் சிஷ்யைக்கு வயது கூட. அதனால் குருதான் சிஷ்யையை அக்கா என்பார். அந்தக் கேள்வியை மட்டும் வடிவு வாய்விட்டுக் கேட்டதே இல்லை.

அன்று காலை கேட்டுவிட்டாள்.

"மேடம், கிரகணத்தன்னிக்கு நான் அருவாமனையில காய் நறுக்குனேன். அதான் என் பிள்ளைக்கு முழங்கைக்குக் கீழ கை இல்லாமப் போச்சுன்னு மாமியார் சொல்லுதாங்க. இத்தனை வருஷம் காதுல வாங்காம இருந்தேன். நேத்து பிள்ளையே கேட்டுட்டா, 'ஏம்மா என் கையை வெட்டுன?'ன்னு. அவகிட்ட நான் என்ன சொல்ல?"

ஜெபமணி அடைகாக்கும் பெட்டியிலிருந்து ஒரு கோழி முட்டையை எடுத்தார். ஓட்டில் சின்னதாக ஒரு சன்னல் வெட்டி, நுண்ணோக்கியின் அடியில் வைத்தார்.

"பாருங்க."

உள்ளே கரு. அதன் விலாவோரம் ஒரு மொட்டு, அரிசிமணி அளவுகூட இல்லை. இறக்கையாகப் போவது அதுதான். மொட்டின் நுனியில் மெல்லிய விளிம்பு.

"அந்த விளிம்புல சில மரபணுக்கள் விழிச்சிருக்கு. அதுல சுரக்கிற புரதம் உள்ள இருக்கிற செல்லுகிட்ட 'வளரு, வளரு'ன்னு சொல்லிக்கிட்டே இருக்கும். பின்பக்கத்துல இருந்து வேற ஒரு புரதம் வந்து, எது பெருவிரல் எது சுண்டுவிரல்னு சொல்லும்." ஊசியை நீட்டினார். "அந்த விளிம்பை உரிச்சு எடுங்க."

வடிவு உரித்தாள். சன்னலை டேப் போட்டு ஒட்டி, முட்டையை மறுபடி பெட்டிக்குள் வைத்தார்கள்.

அடுத்த வாரம் திறந்து பார்த்தார்கள். கருவுக்கு ஒரு பக்கம் முழு இறக்கை. மறுபக்கம் முழங்கையோடு நின்றுபோயிருந்தது.

மகளின் கையேதான் அது. வடிவு முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

"அப்போ வெட்டுனா நின்னுதான் போகுது, மேடம்."

"கிரகணம் எத்தனையாம் மாசம்?"

"ஏழாம் மாசம்."

"விரல் பிரிஞ்சு முடியிறது ரெண்டாம் மாசத்துலயே. உங்க அருவாமனைக்கு அங்க வேலையே இல்லை."

வேறு யாராக இருந்தாலும் அப்பாடா என்று மூச்சு விட்டிருப்பார்கள். வடிவு பாவம், பழியைச் சுமந்தே பழகிப்போனவள். இறக்கி வைக்கவும் அவளுக்குப் பயமாக இருந்தது.

"அப்போ ரெண்டாம் மாசம் நான் என்ன செஞ்சேன்? காய்ச்சலுக்கு மாத்திரை போட்டேன். பஸ்ஸுல குலுங்கிக் குலுங்கி வேலைக்குப் போனேன். அதுல எது, மேடம்?"

ஜெபமணி அலமாரியைத் திறந்து ஒரு கண்ணாடிக் குப்பியை எடுத்து மேசையில் வைத்தார். உள்ளே திரவத்தில் ஒரு கோழிக் கரு. அதற்கும் ஓர் இறக்கை முழங்கையோடு முடிந்திருந்தது.

"இதை உரிச்சது யாரு?" என்றாள் வடிவு.

"யாரும் இல்லை. ஒப்பிட்டுப் பாக்க ஒதுக்கி வச்ச முட்டை. ஊசி படல, மருந்து படல. மத்த முட்டைங்களோட அதே பெட்டியில, அதே சூட்டுலதான் கிடந்துச்சு."

"பின்ன என்ன காரணம்?"

"வருஷக்கணக்கா தேடிட்டேன். தெரியலை."

"அதெப்படி மேடம்? யாராவது ஏதாவது செஞ்சிருக்கணும்லா?"

ஜெபமணி குப்பியை அவள் பக்கம் நகர்த்தினார்.

"இதை இட்ட கோழியைப் பிடிச்சுட்டு வாங்கக்கா. 'நீ என்ன பாவம் செஞ்சே'ன்னு அது முகத்தைப் பாத்து நீங்களே கேளுங்க."