ஆயா மடக்காத பலகை

கல்லூத்துப்பட்டி என்று ஒரு ஊர். அங்கே புதிதாக ஒரு சட்டம் போட்டார்கள். பள்ளிப் பேருந்து நின்றதும் அதன் வலப்பக்கம் கீல் வைத்து மாட்டிய சிவப்புத் தகரப் பலகையை ஆயா வெளியே நீட்டுவார். நீட்டிய பலகையை எந்த வண்டியும் கடக்கக் கூடாது. பலகையை ஆயா நீட்ட வேண்டும், ஆயாதான் மடக்க வேண்டும், வேறொருவர் கை படவே கூடாது. இதில் எதை மீறினாலும் ஆறு மாதம் லைசென்ஸ் கிடையாது. சட்டம் எழுதியவர்களுக்கு எல்லாம் தெளிவாகத்தான் இருந்திருக்கும். அவர்கள் அந்தப் பேருந்துக்குப் பின்னால் வண்டியோடு நின்று பார்க்கவில்லையே!

நின்றவர் ஆட்டோக்காரர் சிக்கந்தர். ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட வீட்டில் உட்காராமல் அந்த ஆட்டோவை வைத்தே மகளை நர்சிங் படிக்க வைத்தவர். அன்று காலை மகள் நஸ்ரினுக்கு அரசு வேலைக்கான தேர்வு. அவளை ஏற்றிக்கொண்டு கிளம்பியிருந்தார். ஒன்பதரைக்குத் தேர்வு நடக்கும் இடத்தின் கேட்டைச் சாத்திவிடுவார்கள். ஒன்பது மணிக்குப் பேருந்து முன்னால் நின்றது. ஆயா பேச்சியம்மா இறங்கி, பலகையை நீட்டிவிட்டு, சாலையைக் கடந்து எதிர்ச்சந்துக்குள் போனார். அங்கிருந்துதான் யூகேஜி படிக்கும் தன்ஷிகா வர வேண்டும். அந்தப் பிள்ளையின் ஷூ ஒன்றைக் காணவில்லையாம். வீடே கட்டிலுக்கு அடியில் தேடிக்கொண்டிருந்தது.

ஐந்து நிமிடம் ஆயிற்று. முன்னால் பைக்கில் நின்ற ஜெபராஜ், செல்போன் டவர் வேலைக்காரர், இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு மெதுவாக உருட்டிக்கொண்டு பலகையைக் கடந்து போனார்.

பத்து நிமிடம் ஆயிற்று. முட்டை வேன் ஓட்டும் வைரமணிக்குப் பொறுக்கவில்லை. இறங்கி வந்தார், பலகையைத் தானே மடக்கினார், கையைத் தட்டிக்கொண்டு ஏறிப் போனார். பின்னால் தூரத்தில் நின்றவர்களுக்கு யார் மடக்கியது என்று தெரியுமா என்ன? பலகை மடங்கிவிட்டது, அவ்வளவுதான். ஒன்பது வண்டிகள் சிக்கந்தரைத் தாண்டிச் சரசரவென்று போயின.

"அத்தா, எல்லாரும் போறாங்க. பலகைதான் மடங்கிருச்சே, போங்கத்தா!" என்றாள் நஸ்ரின்.

"ஆயா மடக்கலையேம்மா."

சொல்லிவிட்டாரே தவிர, அவருக்கே குழப்பம். போன மாதம் இதே பேருந்தைக் கடந்து மாட்டிக்கொண்டார். சட்டம் வந்த புதிது என்று எஸ்.ஐ. பூங்கோதை எச்சரித்து விட்டிருந்தார். இன்னொரு முறை மாட்டினால் ஆட்டோ வீட்டு வாசலோடு சரி. அந்தப் பயமா, இல்லை நிஜமாகவே மனசு கேட்கவில்லையா? ஆக்சிலரேட்டரில் கை வைப்பதும் எடுப்பதுமாக இருந்தார். மகள் அழுதாள்.

ஒன்பது இருபதுக்குப் பேச்சியம்மா பிள்ளையோடு சந்து முனைக்கு வந்தார். தன்ஷிகா சாலையில் கால் வைக்க மாட்டேன் என்றது. சிவப்புப் பலகை இல்லாவிட்டால் கடக்கக் கூடாது என்று அதே பேச்சியம்மா சொல்லிக் கொடுத்த பாடம்! ஆயா கையைக் காட்டினார், யார் நிற்கிறார்கள்? இரு பக்கமும் வண்டிகள் பறந்தன. பிள்ளை ஓவென்று அழுதது.

சிக்கந்தர் இறங்கினார். பலகையை இழுத்து நீட்டினார். சாலை முழுவதும் நின்றது. பிள்ளை கடந்து, ஏறி, ஆயா பலகையை மடக்கிய பிறகுதான் ஆட்டோவைக் கிளப்பினார். தேர்வு நடக்கும் இடத்துக்குப் போனபோது கேட் சாத்தி நாலு நிமிடம் ஆகியிருந்தது.

மதியத்துக்குள் தெருமுனைக் கேமரா எல்லாவற்றையும் காட்டிக் கொடுத்துவிட்டது. மூன்று பேரும் ஸ்டேஷனில் வரிசையாக நின்றார்கள்.

"கடந்தேன் மேடம், ஒத்துக்கிறேன். ஆனா பாத்துப் பதனமாத்தான் போனேன்" என்றார் ஜெபராஜ்.

வைரமணி விடுவாரா? "நான் கடக்கும்போது பலகை மடங்கியிருந்துச்சு. அதனால கடந்த குத்தம் எனக்கில்ல. தொட்டது குத்தம்னா இந்த பாயும்தான் தொட்டாரு. என் லைசென்ஸை எடுத்தா அவரோடதையும் எடுங்க. அவரை விட்டா என்னையும் விடுங்க!"

பூங்கோதை பேனாவை மூடி வைத்தார். வைரமணி சொல்வதிலும் ஏதோ நியாயம் இருப்பதுபோல் பட்டது, அதுதான் எரிச்சலாக இருந்தது. "நீங்களே சொல்லுங்க பாய். என்ன எழுதட்டும்?"

"தெரியலம்மா" என்றார் சிக்கந்தர். "காலையில நின்னது தப்பா, இறங்குனது தப்பான்னே எனக்கு விளங்கல. எம் பொண்ணு பரீட்சை எழுதாம வீட்ல உக்காந்திருக்கு."

இப்போது நீங்கள் சொல்லுங்கள். ஒருவர் பார்த்துக் கடந்தார், ஒருவர் மடக்கிவிட்டுக் கடந்தார், ஒருவர் கடக்கவே இல்லை, ஆனால் தொட்டார். யாருடைய லைசென்ஸ் போக வேண்டும்? தொட்ட இருவருக்கும் ஒரே தண்டனைதானா?

விடை: சட்டத்தின் வாசகத்தை இன்னொரு தரம் படியுங்கள். ஆயாதான் மடக்க வேண்டும். அப்படியென்றால் பேச்சியம்மா திரும்பி வரும்வரை, சட்டத்தின் கணக்கில் அந்தப் பலகை மடங்கவே இல்லை. வைரமணி நீட்டிய பலகையைத்தான் கடந்தார், கூடவே ஒன்பது பேரை அறியாமல் கடக்க வைத்தார். ஜெபராஜின் தப்பு அவரோடு முடிந்தது, ஆனாலும் தப்பு தப்புதான். இருவர் லைசென்ஸும் போக வேண்டும். சிக்கந்தரோ ஆயா வைத்த இடத்திலேயே பலகையைத் திரும்ப வைத்தார். வேறொருவர் கை படக் கூடாது என்பதே ஆயா வைத்ததை யாரும் மாற்றிவிடக் கூடாது என்பதற்குத்தானே? அதில் அவர் மாற்றியது ஒன்றுமில்லை. பூங்கோதையும் மாலையில் இப்படித்தான் எழுதினார். சிக்கந்தர் லைசென்ஸை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். "என்னத்தா சொன்னாங்க?" என்று கேட்டாள் நஸ்ரின். "நான் செஞ்சது சரின்னு சொல்லிட்டாங்கம்மா" என்றார். அவள் தலையாட்டிவிட்டு, ஹால் டிக்கெட்டை மடித்துப் புத்தகத்துக்குள் வைத்தாள். அவளுக்கு என்ன விடை சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.