மூன்று சரிவுகளும் ஒரு வேக நாற்காலியும்

மேகங்களைத் தொடும் உயரத்தில் ஒரு காடு இருந்தது, குழந்தைகளே. அங்கே வருடத்தில் பாதி நாள் பனி பெய்யும். பெய்யும்போது சத்தமே இருக்காது. தூங்கும் பிள்ளைமேல் அம்மா போர்வை போர்த்துவதுபோல, மரங்கள்மேலும் பாறைகள்மேலும் அது மெல்ல வந்து இறங்கும்.

அந்தக் காட்டு விலங்குகளுக்குப் பனியில் சறுக்குவதென்றால் உயிர். முயல்கள் வயிற்றால் சறுக்கும். கரடிகள் முதுகால் சறுக்கும். நரிகள் வாலை விரித்து, அதன்மேல் உட்கார்ந்து, ராஜாவைப் போல இறங்கும்.

சறுக்கி இறங்குவது சுலபம். மறுபடி மேலே ஏறுவதுதான் பெரும்பாடு. அதற்காகவே சரிவுகளில் கயிற்று நாற்காலிகள் இருந்தன. அடிவாரத்தில் ஒரு சக்கரம், உச்சியில் ஒரு சக்கரம், இரண்டையும் சுற்றி ஒரு நீண்ட கயிறு. கயிற்றில் பிரம்பு நாற்காலிகள் தொங்கும். கீழே இருக்கும் சக்கரத்தை யாராவது தள்ளிச் சுற்றினால், நாற்காலிகள் ஒன்றன்பின் ஒன்றாக மேலே போகும்.

பெரிய மலையின் நாற்காலிகள் கழுகைப் போலப் பறந்தன. பக்கத்தில் இருந்த மூன்று சின்னச் சரிவுகளின் நாற்காலிகளோ மிகப் பழையவை. நத்தையைப் போல ஊர்ந்தன.

ஒரு மார்கழி மாதம், பெரிய மலையின் தலைவியான கவரிமா ஒரு செய்தி அனுப்பியது. கவரிமா என்பது தரையைத் தொடும் மயிர் கொண்ட மலைமாடு. நாற்காலி கட்டும் வேலையில் அதை மிஞ்ச ஆள் கிடையாது.

"புதிதாக ஒரு வேக நாற்காலி கட்டப் போகிறேன். கையில் இருக்கும் கயிறு ஒரு சரிவுக்குத்தான் போதும். மூன்று சரிவுகளுக்கும் நானே வருவேன். மூன்றிலும் ஏறிப் பார்ப்பேன். எதற்கு மிகவும் தகுமோ, அதற்குத் தருவேன்."

செய்தி கேட்டதும் முதல் சரிவின் சொந்தக்கார நரி துள்ளிக் குதித்தது. அதன் பெயர் சதுரன். தந்திரத்தில் அதற்கு இணை அதுதான்.

"கூட்டம் இருக்கும் இடத்துக்குத்தானே நாற்காலி கிடைக்கும்? கூட்டம் இல்லாவிட்டால் என்ன, கூட்டிவிட்டால் போகிறது!" என்று சொல்லிக்கொண்டு, சதுரன் முயல்களையும் கௌதாரிகளையும் அழைத்தது.

"ஆளுக்கு ஒரு பிடி பைன் கொட்டை தருகிறேன். தலைவி வரும் நாளில் என் சரிவில் வரிசையாக நில்லுங்கள். சறுக்கி இறங்கியதும் ஓடிவந்து, மறுபடி வரிசையின் கடைசியில் நின்றுகொள்ளுங்கள். நான் போகச் சொல்லும்வரை யாரும் போகக் கூடாது!"

கவரிமா வந்தது. நரிச்சரிவில் வரிசை பாம்புபோல வளைந்து வளைந்து நின்றது.

"பார்த்தீர்களா, தாயே! விடிந்ததிலிருந்து இதே கூட்டம்தான். பாவம், காத்துக் காத்துக் கால் கடுக்கிறது இவர்களுக்கு" என்றது சதுரன்.

கவரிமா நாற்காலியில் ஏறியது. உச்சிக்குப் போயிற்று. இறங்கி வந்து வரிசையைப் பார்த்தது. ஒரு முயலின் முன்னால் நின்றது.

"இந்தக் காது கிழிந்த முயலை இப்போதுதானே மேலே பார்த்தேன்?"

"அது இதன் அண்ணன், தாயே."

"அண்ணனுக்கும் அதே காதா கிழிந்திருக்கிறது?"

"குடும்ப வாகு, தாயே!" என்றது சதுரன், கண் இமைக்காமல்.

கவரிமா அடுத்த சரிவுக்கு நடந்தது. சதுரனுக்கு மனம் கேட்கவில்லை. 'மற்றவர்கள் என்ன சொல்லி ஏமாற்றிவிடுவார்களோ!' என்று பின்னாலேயே ஓடியது.

இரண்டாவது சரிவு தேவதாரு மரங்களுக்கு நடுவே இருந்தது. அங்கே எப்போதும் மூடுபனி. சக்கரத்தை ஒரு கரடி தள்ளிக்கொண்டிருந்தது. அதன் பெயர் மந்தன். பாதித் தூக்கத்திலேயே அது வட்டமாக நடந்தது. கேட்ட செய்தியைக்கூட மறந்திருந்தது.

"யாரது? ஏறுகிறீர்களா? ஏறுங்கள், ஏறுங்கள்" என்றது கொட்டாவி விட்டபடி.

கவரிமா ஏறி உட்கார்ந்தது. நாற்காலி அசைந்ததா இல்லையா என்றே தெரியவில்லை. இரண்டு பக்கமும் மரங்கள் மெல்ல வந்தன, மெல்லப் போயின. பிசின் மணம் வீசியது. எங்கோ ஒரு கிளையிலிருந்து பனி பொத்தென்று விழுந்தது. முன்னால் இருந்த நாற்காலியில் ஒரு ஆந்தை உறங்கிக்கொண்டிருந்தது. பின்னால் இருந்த நாற்காலியில் இரண்டு அணில்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்திருந்தன. கவரிமாவின் கண்களும் சொருகின.

கனவில் அது கன்றாக இருந்தது. ஒரு பச்சைப் புல்வெளியில் தன் அம்மாவின் பின்னால் ஓடியது. புல் முழுவதும் மஞ்சள் பூ. அம்மா திரும்பிப் பார்த்தபோது, நாற்காலி உச்சியைத் தொட்டது.

கீழே வந்ததும் கவரிமா கேட்டது: "மந்தா, இந்த மூன்று சரிவுகளில் இதைவிட இனிமையானது இருக்க முடியாது. உனக்கே வேக நாற்காலியைத் தந்துவிடட்டுமா?"

மந்தன் பதறிப்போய் முழுசாக விழித்துக்கொண்டது.

"வேகமா? ஐயோ, வேண்டாம் தாயே! இங்கே வருகிறவர்கள் பாதி பேர் தூங்கத்தான் வருகிறார்கள். வேகமாகப் போனால் கனவு நடுவிலேயே அறுந்துவிடுமே!"

மரத்தின் மறைவில் நின்ற சதுரன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. 'ஒன்று தொலைந்தது. இனி ஒன்றுதான் பாக்கி!'

மூன்றாவது சரிவின் பெயர் காற்றுச்சரிவு. பெரிய மலையின் நிழல் அதன் அடிவாரத்தில் விழுந்து கிடந்தது. மார்கழி தொடங்கி மாசி முடியும்வரை அங்கே வெயில் எட்டிப் பார்ப்பதில்லை. பனியே அங்கே நீலமாகத்தான் தெரியும். அங்கே வரிசை இல்லை. ஒரு ஆள்கூட இல்லை. சக்கரத்தின் பக்கத்தில் ஒரு மலையாடு மட்டும் நின்றது. ஒரு கொம்பு நேராகவும் மறு கொம்பு வளைந்தும் இருந்ததால், அதற்குக் கோணக்கொம்பி என்று பெயர். தனக்காக எதையும் கேட்டுப் பழகாத ஆடு அது.

"பார்த்தீர்களா, தாயே? ஒரு ஈ காக்கை இல்லை! யாரும் வராத இடத்துக்கு நாற்காலி எதற்கு?" என்றது மறைவிலிருந்து வெளியே ஓடிவந்த சதுரன்.

கவரிமா ஆட்டைப் பார்த்தது. "ஏன் இங்கே யாரும் இல்லை?"

"இருக்கிறார்கள், தாயே" என்றது கோணக்கொம்பி.

அது காட்டிய பக்கம் கவரிமா திரும்பியது. சரிவின் கீழே வளைகள் இருந்தன. ஒவ்வொரு வளையிலும் இரண்டு இரண்டு கண்கள் மின்னின. முயல்கள், காட்டுக்கோழிகள், ஒரு கஸ்தூரி மான்குட்டி, எல்லாம் ஒன்றை ஒன்று ஒட்டிக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தன.

"உச்சியில் வெயில் அடிக்கிறது, தாயே. இந்த மூன்று மாதமும் எங்கள் கீழ்க்காட்டுக்கு அந்த வெயிலை விட்டால் வேறு வெயில் இல்லை. ஆனால் நாற்காலி போய்ச் சேர வெகு நேரம் ஆகும். வழியெல்லாம் காற்று. போன வருடம் அந்த மான்குட்டி ஆசைப்பட்டு ஏறியது. பாதி வழியிலேயே பின்னங்கால் மரத்துப்போயிற்று. இன்னும் நொண்டுகிறது. அதற்குப் பிறகு யாரும் ஏறுவதில்லை."

"இதை ஏன் எனக்கு யாரும் சொல்லவில்லை?"

கோணக்கொம்பி தலை குனிந்தது. "ஆள் இல்லாத சரிவு என்று எல்லோரும் சிரிப்பார்கள், தாயே. அதனால் கேட்கவில்லை."

"கதை நன்றாகத்தான் இருக்கிறது!" என்றது சதுரன். "காற்று எங்கேதான் இல்லை? என் சரிவிலும் அடிக்கிறது. நானும் கூட வருகிறேன், தாயே. எப்படி இருக்கிறது என்று பார்த்துவிடுவோம்!"

இருவரும் ஒரே நாற்காலியில் ஏறினார்கள். கோணக்கொம்பி சக்கரத்தைத் தள்ளியது. க்றீச், க்றீச் என்று கயிறு நகர்ந்தது.

முதலில் சதுரன் ஓயாமல் பேசியது. தன் வரிசையைப் பற்றிப் பேசியது. முயல்களின் கால் வலியைப் பற்றிப் பேசியது. மரங்கள் முடிந்து வெட்டவெளி வந்ததும் காற்று வந்தது. சதுரன் ஒரு வார்த்தை விட்டு ஒரு வார்த்தை பேசியது. பிறகு பேச்சே நின்றுபோயிற்று.

மீசையில் பனி உறைந்தது. இமைகள் ஒட்டிக்கொண்டன. பாதங்கள் எங்கே இருக்கின்றன என்றே தெரியவில்லை. பக்கத்தில் கவரிமா தன் நீண்ட மயிருக்குள் மலைபோல அசையாமல் உட்கார்ந்திருந்தது. மேலே வெள்ளை, கீழே வெள்ளை. உலகத்தில் அந்த நாற்காலி ஒன்றுதான் மிச்சம் இருப்பதுபோல இருந்தது.

"தா... தாயே, இன்னும் எவ்வளவு தூரம்?"

"இன்னும் பாதிகூட வரவில்லையே."

சதுரன் கயிற்றைப் பார்த்தது. கயிறு நகர்கிற மாதிரியே இல்லை. பல் கிடுகிடுக்க அது கத்திவிட்டது:

"இதென்ன ஆமை நாற்காலி! இதில் உட்கார்ந்தால் உயிரோடு போய்ச் சேர முடியுமா? வேக நாற்காலியை முதலில் இங்கே அல்லவா கட்ட வேண்டும்!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அதற்கு உறைத்தது. சட்டென்று வாலை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டது.

"காற்றில் சரியாகக் கேட்கவில்லை. என்ன சொன்னாய், சதுரா?" என்றது கவரிமா.

வேறு எதையாவது சொல்லித் தப்பிக்கலாம். சதுரனுக்குப் பொய் சொல்லத் தெரியாதா என்ன? வாலை விலக்கி வாயைத் திறந்தது. காற்று அதன் தொண்டைவரை போய்த் திரும்பியது. அந்த நொண்டிக் குட்டியின் முகம் ஏனோ கண்முன்னால் வந்தது. அதற்குத் தன்னைப்போல அடர்ந்த வால்கூட இல்லையே!

"இங்கேதான் வேண்டும் என்றேன், தாயே" என்றது சதுரன் மெல்ல. "இங்கேதான்."

கவரிமா தன் மயிரை விலக்கி நரியை உள்ளே இழுத்துக்கொண்டது. நாற்காலி மேகத்துக்குள் நுழைந்தது. வெகு நேரம் கழித்து, மேகத்தைத் தாண்டி வெளியே வந்தது.

அங்கே வெயில் காய்ந்தது. கீழே மேகங்கள் கடல்போலப் பரந்து கிடந்தன. மலை உச்சிகள் அதில் தீவுகள்போல நின்றன. ஒரு காலடிகூடப் படாத பனி பொன்னாக மின்னியது. சதுரன் தொப்பென்று விழுந்து, வெயிலில் நாலு காலையும் நீட்டிக்கொண்டது.

கீழே இறங்கியதும் கவரிமா கோணக்கொம்பியிடம் சொன்னது: "நாளைக்கு ஆட்கள் வருவார்கள். சக்கரத்துக்கு இடம் பார்த்து வை."

கோணக்கொம்பி முதலில் நம்பவில்லை. பிறகு வளை வளையாக ஓடிப்போய்ச் சொன்னது.

சதுரன் தன் சரிவுக்குத் திரும்பியபோது, வரிசை இன்னும் அப்படியே நின்றுகொண்டிருந்தது.

"நரி மாமா, இனி வீட்டுக்குப் போகலாமா?" என்று கேட்டது காது கிழிந்த முயல்.

"போங்கள், போங்கள்" என்று சொல்லி, சதுரன் கொட்டை மூட்டையை அவிழ்த்துக் கொடுத்தது.

பத்து நாளில் காற்றுச்சரிவில் வேக நாற்காலி எழுந்தது. சின்ன மலைகளில் அப்படி ஒன்றை யாரும் கண்டதில்லை. ஒரு பாட்டைப் பாடி முடிப்பதற்குள் உச்சி வந்துவிடும்.

முதல் நாள் வளைகள் எல்லாம் காலியாயின. முயல்கள் குட்டிகளோடு ஏறின. காட்டுக்கோழிகள் ஏறின. கஸ்தூரி மான்குட்டியைக் கோணக்கொம்பியே தூக்கி உட்காரவைத்தது. காற்று அடித்தது. ஆனால் அது கடிப்பதற்குள் நாற்காலிகள் மேகத்தைத் தாண்டிவிட்டன.

உச்சியில் இறங்கியதும் எல்லோரும் கண்களை மூடிக்கொண்டார்கள். அவ்வளவு வெளிச்சம்! பிறகு ஒரு கண்ணைத் திறந்தார்கள். அப்புறம் மறு கண்ணை.

சறுக்குவதற்கு அருமையான பனி அங்கே கிடந்தது. ஆனால் அன்று யாரும் சறுக்கவில்லை. மான்குட்டி தன் நொண்டிக் காலை வெயில் பக்கமாக நீட்டிப் படுத்தது. முயல்கள் அதன்மேல் சாய்ந்தன. கோழிகள் இறகை விரித்தன. கொஞ்ச நேரத்தில், மேகங்களுக்கு மேலே, எல்லோரும் தூங்கிப்போனார்கள்.

நீதி: உதவி போய்ச் சேர வேண்டியது கூட்டம் தெரியும் இடத்துக்கு அல்ல, குறை இருக்கும் இடத்துக்கு.